பாட்டு, கதை வழி எண் கற்பித்தல்

பாட்டு, கதை வழி எண் கற்பித்தல் என்பது எண்ணுதல், ஒப்பிடுதல், வரிசைப்படுத்துதல், கூட்டல், கழித்தல் ஆகிய தொடக்கக் கணிதத் திறன்களை இளம் சிறார்களுக்குப் பாடல், தாளம், கதை ஆகியவற்றின் துணையுடன் பழக்கும் முறையாகும். இது பாலர் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வீடுகளிலும் கையாளப்படுகிறது.

ஒப்பித்தலும் எண்ணுதலும்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை தடையின்றி ஒப்பிக்கும். நான்கு புளியங்கொட்டைகளை எடுத்துத் தரச் சொன்னால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். உளவியலாளர் கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டியது. முன்னதாக, ரோசல் கெல்மன், கேலிஸ்டல் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட நூலில் எண்ணுதலுக்கு ஐந்து நெறிகளை வகுத்தனர். அவற்றுள் மூன்று இங்கு முக்கியமானவை: எண்பெயர்களின் வரிசை மாறக்கூடாது, ஒரு பொருளுக்கு ஒரு பெயரே சொல்ல வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கும்.

பாட்டு முதல் நெறியை எளிதில் கற்றுத்தரும். மற்ற இரண்டும் பாட்டினால் மட்டும் வருவதில்லை. "எவ்வளவு நன்றாக எண்ணுகிறது!" என்று பெரியவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

பாட்டும் தாளமும்

ஓர் எண்ணுக்கு ஒரு தட்டு என்று கைதட்டிப் பாடும்போது இரண்டாம் நெறி பழக்கத்துக்கு வருகிறது. இதில் கவனம் தேவை. 'மூன்று' என்பதில் ஈரசை ஒலிக்கிறது; 'இரண்டு', 'ஒன்பது' ஆகியவற்றில் மூன்று ஒலிக்கின்றன. ஒலிக்கு ஒரு தட்டு தட்டும் குழந்தை, பொருள்களைத் தொட்டு எண்ணும்போது 'இரண்டு' என்பதற்குள் மூன்று கொட்டைகளைக் கடந்துவிடும். எனவே மெதுவாகப் பாடி, எண்ணுக்கு ஒருமுறை மட்டும் தட்டுவது நல்லது.

இருவர் கைகோத்து வளைவாக நிற்க, மற்றவர்கள் அதனடியில் நுழைந்து செல்லும் தமிழ்நாட்டுச் சிறுவர் விளையாட்டில், பாட்டில் வரும் பூக்களின் எண்ணிக்கை சுற்றுக்கு ஒன்றாகக் கூடும். சுற்றுக்கு ஒரு பூவைத் தட்டில் வைத்துவந்தால், எண் கூடுவதைக் குழந்தை கண்ணாலும் காணும். ஆதி தாளத்தின் 8 அட்சரங்களும் இவ்வாறே உதவும். ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்து 4. பின் தட்டும் வீச்சும் இருமுறை, 2 + 2. எட்டைப் பிரித்துச் சேர்க்கும் வேலையை விரல்களே செய்கின்றன.

இசையைக் கேட்டாலே கணக்கு வரும் என்பது வேறு கதை. 'மொசார்ட் விளைவு' என்று புகழ்பெற்ற 1993ஆம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. அதில் காணப்பட்டது இடவுணர்வுத் திறனில் சில நிமிடங்களே நீடித்த முன்னேற்றம். சிறுவர் கணிதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கதை

கதையில் எண்ணுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பாட்டி ஐந்து வடை சுட்டாள், காகம் ஒன்றைத் தூக்கிச் சென்றது என்றால், மீதி எத்தனை என்று கேட்பது குழந்தைக்குத் தேர்வாகத் தோன்றாது. இங்கு கேள்வி கேட்கும் முறை முக்கியம். ஐந்து வடைகளையும் எண்ணி முடித்ததும் "அப்படியானால் மொத்தம் எத்தனை?" என்று கேட்க வேண்டும். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், மூன்றாம் நெறி இன்னும் வரவில்லை என்று பொருள். குழந்தையைத் திருத்தாமல், "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்து வடை" என்று பெரியவர் சொல்லிக் காட்டுவதே போதும்.

பானைக்குள் கூழாங்கல் போட்ட காகத்தின் கதை அளவைக்கு ஏற்றது. கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றிக் கதையைச் செய்து பார்க்கலாம். எரிக் கார்லின் பசிமிக்க கம்பளிப்புழு பற்றிய படநூலில் (1969) திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என்று வெள்ளிவரை நாளுக்கு ஒன்று கூடுகிறது; எண்வரிசையும் கிழமை வரிசையும் ஒன்றாக நடக்கின்றன.

தமிழ்நாட்டில்

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவை உரக்க ஓதி மனனம் செய்யப்பட்டன. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பாடல், கதை, செயல்பாடு ஆகியவை பாடத்தின் பகுதியாக்கப்பட்டன.