மட்டக்களப்புக் கூத்தும் அதனை ஆடுஞ் சமூகமும்

ஈழத்துத் தமிழரின் கலைப் பாரம்பரியம் பற்றிப் பேச முற்படுவோர் கூத்தினை முதலிற் குறிப்பிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. பாடநூல்களில் அதற்கு இடமுண்டு. க.பொ.த. உயர்தர வகுப்பின் நாடகமும் அரங்கியலும் என்ற பாடத்தில் அது பயிலப்படுகின்றது. பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நிமிடக் கணக்கிற் சுருங்கி அது மேடையேறுகின்றது. கூத்துப் பேணப்படவேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின் பேணப்படவேண்டியது யாது என்ற வினாவினை நாம் போதிய அளவு எழுப்பியதாகத் தெரியவில்லை. ஆட்டமும் பாட்டும் உடையுந்தாமா, அன்றி அவற்றைத் தோற்றுவித்த ஊரின் கூட்டு வாழ்க்கையுமா? இவ்வினாவை மட்டக்களப்புக் கூத்தினை முதன்மையாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

கூத்து மட்டக்களப்புக்கு மாத்திரம் உரியதன்று. மன்னாரில் வடபாங்கு, தென்பாங்கு எனக் கத்தோலிக்க மக்களிடையே அது வழங்குகின்றது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தும், யாழ்ப்பாணத்திற் காத்தவராயன் கூத்தும், மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்திற் காமன் கூத்தும் ஆடப்படுகின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படவேண்டியவை. மட்டக்களப்பில் ஆட்டமரபு செறிவாகப் பேணப்பட்டமையாலும், அது குறித்த ஆய்வுகள் ஓரளவு கிடைப்பதாலும் அதனையே நாம் எடுத்துக்கொள்கின்றோம். கலாநிதி சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட ஆய்வு இத்துறையில் இன்றும் அடிப்படையானது.

மட்டக்களப்பிற் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத இராமாயணக் கதைகளைப் பெரும்பான்மையாகக் கொண்டு போரும் வீரமும் மேலோங்க நடப்பது வடமோடி. அரசரது உடை பாரமானது. வளையங்கள் வைத்துக் கட்டிய கரப்புடுப்பு அதற்குரிய சிறப்பு. தென்மோடியிற் காதற் கதைகளும் கற்பனைக் கதைகளும் மிகுதி. உடை இலேசானது, ஆட்டம் நுணுக்கமானது. அலங்காரரூபன் நாடகம் தென்மோடிக்கு நன்கறிந்த உதாரணமாகும். எந்த மோடி சிறந்தது என்ற வாதம் அண்ணாவிமாரிடையே முடிவதில்லை. அதில் நாம் தலையிட விரும்பவில்லை.

எமது கவனத்துக்குரியது கூத்து ஆடப்படும் இரவன்று. அதற்கு முந்திய மாதங்களாகும். வேளாண்மை வேலைகள் ஓய்ந்த காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிக் கூத்தொன்று பழகுவதெனத் தீர்மானிப்பர். அண்ணாவியாரை அழைத்து, வெற்றிலை பாக்கு வைத்து, அவரது இசைவைப் பெறுவர். பின்னர் நிகழ்வது சட்டங்கொடுத்தல். கூத்தேட்டிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்குமுரிய பாடல்களையும் வசனங்களையும் பிரித்தெழுதி உரியவரிடம் கையளிப்பதே சட்டமாகும். யாருக்கு எந்தச் சட்டம் என்பது எளிதிலே தீர்க்கப்படும் விடயமன்று. குரல், உடல்வாகு, ஆட்டத்திறன் ஆகியவற்றோடு குடும்பத்தின் மதிப்பும் உறவுமுறையும் அங்கு எடைபோடப்படும். அரசன் வேடம் தன் மகனுக்குக் கிடைக்கவில்லையெனக் கூத்திலிருந்தே விலகிக்கொண்ட குடும்பங்களின் கதை பல ஊர்களிற் கேட்கக்கூடியதே.

அதன் பின்னர் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி. பகலில் வயலிலும் கடலிலும் உழைத்தவர்கள் இரவிலே களரிக்கு வருகின்றனர். தாளக்கட்டு வாயாற் சொல்லிக் கொடுக்கப்படும். காலால் அதனை மீட்க வேண்டும். எழுத்தறியாதவர் பாட்டைக் கேட்டே மனனஞ் செய்வர். ஆட்டம் ஓரளவு பழகியபின் சதங்கை அணியும் சடங்கு நடைபெறும். சதங்கை அணிந்தவன் கூத்தனாக ஊரால் ஏற்கப்பட்டவனாவான். தொடர்ந்து கிழமைக் கூத்து, முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல், ஈற்றில் அரங்கேற்றம். அரங்கேற்றத்தோடும் அது முடிவதில்லை. கூத்தர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். வீட்டார் பணமும் பொருளும் வழங்குவர். கூத்துக்கான செலவை ஊர் ஈடுசெய்யும் முறைகளில் இதுவும் ஒன்று.

இவ்வாறு நோக்குமிடத்து, பார்வையாளர் என்று தனியே ஒரு கூட்டம் அங்கு இருக்கவில்லை என்பது புலனாகும். பயிற்சிக் காலம் முழுவதும் களரியைச் சுற்றிக் குந்தியிருந்த சிறுவர் ஒவ்வொரு பாட்டையும் அறிவர். ஆடுபவன் அடி தவறினால் அதனை முதலிற் கண்டுகொள்பவள் அவனுக்கு உடை தைத்துக் கொடுத்த பெண்ணாக இருக்கலாம். கண்டவர்கள் கூத்தை விமர்சிக்கும் தகுதி பெற்றது இப்பழக்கத்தினாலேயே. களரியின் அமைப்பும் இதற்கு இசைவானது. மண்ணை வட்டமாக உயர்த்திய மேடு, நடுவில் மத்தளத்துடன் அண்ணாவியார், அருகே சல்லரி, பிற்பாட்டுக்காரர், சுற்றிலும் ஊர். எல்லாப் பக்கத்தாரும் காணும்வண்ணம் சுழன்று ஆடுவதற்கென்றே ஆட்டக் கோலங்கள் வகுக்கப்பட்டன.

இக்கூத்தே 1960களிற் பேராதனைக்கு வந்தது. 1956இல் எதிரிவீர சரச்சந்திரரின் மனமே மேடையேறியபொழுது, சிங்கள நாடகம் தன் மரபிலிருந்து புதுவழி கண்டதென யாவரும் வியந்தனர். அவர் பயன்படுத்திய நாடகம என்னும் வடிவமோ தமிழ்க் கூத்தோடு நெருங்கிய தொடர்புடையது. எமது வீட்டிலிருந்ததன் பெறுமதியை அயல்வீட்டாரின் முற்றத்திற் கண்டபின்னரே நாம் உணர்ந்தோம் என்பது சிறிது வெட்கத்துக்குரியதாயினும் உண்மை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தேடுகளைப் பதிப்பித்ததோடு, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் முதலியவற்றைத் தயாரித்தளித்தார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணித்தியாலத்துள் அடங்கியது. வட்டக்களரி ஒருபக்கப் படச்சட்ட மேடையாயிற்று. அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் நடுவிலிருந்து மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தனர். ஆட்டங்கள் தெரிந்தெடுக்கப்பட்டுச் செம்மைப்படுத்தப்பட்டன.

இம்முயற்சியின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியீனமாகும். கூத்து நாட்டுப்புறத்தாரின் விளையாட்டெனப் படித்தோர் எள்ளிய காலம் ஒன்றிருந்தது. அவ்வெள்ளலை ஒழித்தவை பேராதனைத் தயாரிப்புகளே. கூத்தன் மகன் பல்கலைக்கழகத்திலே தன் தந்தையின் கலையைக் கூச்சமின்றி ஆட வழிபிறந்தது. எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தமை வெறும் இடமாற்றமன்று. களரியில் அவரே கூத்தை நடத்துபவர். ஆடுபவன் களைத்தால் தாளத்தைத் தளர்த்துபவரும், சபை உற்சாகங் கொண்டால் ஆட்டத்தை நீட்டுபவரும் அவரே. மேடையில் நெறியாளர் முன்கூட்டியே வகுத்த கால அளவுக்கு அவர் மத்தளம் வாசிப்பவரானார். பின்வந்த பாடசாலைப் போட்டிகளோ பேராதனையின் சுருக்கத்தை எடுத்துக்கொண்டு அதன் கலைநோக்கை விட்டுவிட்டன. வரவு ஆட்டமும் இரண்டு தருக்களும் ஒரு போரும் இருந்தாற் கூத்து எனக் கொள்ளும் நிலை அங்கு உண்டு.

இவ்விடத்தில், அப்படியாயின் களரிக்கே திரும்பிவிடலாமே என்று கூறுவோர் உளர். அவர்களின் ஏக்கம் எமக்கு விளங்குகின்றது. ஆயின் அதனை முழுதும் ஏற்க எம்மால் முடியவில்லை. நாம் மேலே விவரித்த கூட்டு வாழ்க்கையானது சாதியடுக்கின் மீது அமைந்த வாழ்க்கையுமாகும். சட்டங்கொடுத்தலிற் குடும்ப மதிப்பு எடைபோடப்பட்டது என்றோம். அம்மதிப்பின் அளவுகோல் யாதென்பதை வாசகர் அறிவர். எல்லாச் சாதியினரும் ஒரே களரியிற் கலந்தாடுதல் வழக்கமாக இருக்கவில்லை. பெண்கள் ஆடவுமில்லை, பெண்பாத்திரங்களை ஆண்களே ஏற்றனர். ஊர் ஒன்றுகூடியது என்று நாம் எழுதும்பொழுது அவ்வூரில் யார் யார் அடங்கினர் என்பதையும் சேர்த்தெழுதுதல் நேர்மையாகும்.

இதனைக் கலைஞர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் 1960களின் பிற்பகுதியிலே தீண்டாமைக்கெதிரான போராட்டங்கள் தீவிரமடைந்தன. 1968இல் மாவிட்டபுரம் கோயில் நுழைவுப் போராட்டம் நிகழ்ந்தது. 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியிருந்தும் கோயிற் கதவுகள் திறக்கவில்லை. அக்காலச் சூழலிலே மௌனகுருவின் சங்காரம் (1969) வடமோடி ஆட்டத்தைக் கொண்டு சாதி, வர்க்க முரண்பாடுகளைப் பேசியது. என்.கே. ரகுநாதனின் கந்தன் கருணை கோயில் நுழைவையே கூத்து மெட்டுகளிற் கொண்டுவந்தது. அரசனது வரவுக்கு வகுத்த ஆட்டம் உழைப்பாளியின் வரவுக்குப் பொருந்துமா என அன்று சிலர் ஐயுற்றனர். எமது கருத்தில் அது பொருந்தியது. வடமோடியின் வீறு அரசருக்கு மாத்திரம் உரிமையானதென எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

கூத்தினும் கடினமான வினாவைப் பறை எழுப்புகின்றது. மட்டக்களப்பிலே பறையும் சொர்ணாளி என்னும் குழலும் கோயிற் சடங்குகளிலும் மரணச் சடங்குகளிலும் ஒலிப்பன. பறைமேளக் கூத்து என ஆட்டத்தோடு கூடிய ஆற்றுகை ஒன்றும் உண்டு. அதன் தாளவகைகள் நுட்பமானவை. ஆயின் அதனை வாசிப்போர் பிறப்பினால் அத்தொழிலுக்குக் கட்டுப்படுத்தப்பட்டவர்கள். யாழ்ப்பாணத்திலே மரணவீட்டிற் பறையடிக்க மறுத்தமை சாதியொழிப்புப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பறையைக் கீழே வைத்தவனுக்கு அது விடுதலை. அரை நூற்றாண்டின் பின் பல்கலைக்கழகமும் பண்பாட்டு நிறுவனங்களும் பறை எமது தொன்மையான கலை, அதனைப் பேணுங்கள் என அவனுடைய பேரனிடம் கேட்கின்றன. அப்பேரன் தயங்கினால் அவனைப் பாரம்பரியத்தை மறந்தவன் எனக் குறைகூற எமக்கு உரிமையில்லை. மேடையிற் பறைக்குக் கிடைக்கும் கைதட்டல், அதனை வாசிப்பவன் கோயில் வீதியில் நிற்கும் இடத்தை மாற்றவில்லையாயின், அவன் தயக்கம் நியாயமானதே. பறையை எல்லாச் சாதியினரும், பெண்களும் கற்று வாசிக்கும் முயற்சிகள் மட்டக்களப்பிலும் பிறவிடங்களிலும் நடைபெற்றுள்ளன. இவற்றை நாம் வரவேற்கின்றோம். எனினும் தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்தவர் ஆசானாக மதிக்கப்பட்டு, அதற்குரிய ஊதியமும் பெறுகின்றாரா என்பதை ஒவ்வொரு தடவையும் கேட்டாக வேண்டும்.

பெண்கள் பற்றிய விடயத்திற் சற்று வேறான அனுபவம் கிடைத்துள்ளது. 2000களின் முற்பகுதியில் மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் ஊர்க் கூத்தரோடு இணைந்து கூத்து மீளுருவாக்கம் என்ற முயற்சியைத் தொடங்கினர். ஊருக்கு வெளியே தயாரித்த ஒன்றை ஊருக்குக் கொண்டுசெல்லாது, கூத்து நிகழும் களரியிலேயே, பயிற்சிக் காலத்திலேயே, ஏட்டில் உள்ள சாதி இழிவுகளையும் பெண்களைத் தாழ்த்தும் இடங்களையும் கூத்தரும் அண்ணாவியாரும் ஊராரும் கூடி உரையாடி மாற்றியமைத்தல் அதன் நோக்கமாகும். இது மெதுவானது, சில வேளை ஒரு வரிக்காகப் பல இரவுகள் செலவாகும். மேடையின் செம்மையை எதிர்பார்ப்போருக்கு ஏமாற்றமளிக்கவுங் கூடும். ஆயினும் மரபின் நடைமுறையையும் அதன் மீதான விமர்சனத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்த முயற்சி என்ற வகையில் அது எமது வினாவுக்கு மிக அண்மையில் நிற்கின்றது.

இடையிலே போர்க்காலம் ஏற்படுத்திய பாதிப்பையும் சொல்லியாதல் வேண்டும். 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் விடிய விடிய ஊர் ஒன்றுகூடுவதே அச்சத்துக்குரியதாயிற்று. ஊரடங்குச் சட்டம் உள்ள நாட்டில் இரவுக் கலைக்கு இடமில்லை. மக்கள் இடம்பெயர்ந்தனர், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தது. ஏடுகளும் உடுப்புகளும் போயின. அவற்றினும் பெரிய இழப்பு, ஒரு தலைமுறை இளைஞர் களரியைச் சுற்றிக் குந்தியிருந்து கேட்டுப் பழகும் வாய்ப்பை இழந்தமையாகும். இன்று வெளிநாட்டு உழைப்புக்கும் தலைநகர்த் தொழிலுக்கும் இளைஞர் செல்வதனாற் பயிற்சிக்கான இரவுகள் மேலும் குறைந்துள்ளன.

தொட்டுணர முடியாப் பண்பாட்டுப் பாரம்பரியம் பற்றிய யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கையும் ஏற்றுள்ளது. 2018இல் நூற்பாவைக் கூத்தாகிய ரூகட நாட்டிய அதன் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்க் கூத்தும் அவ்வாறு இடம்பெறவேண்டுமென்ற விருப்பம் இயல்பானதே. ஆனால் அதற்கு முன்னர் எம்மால் ஆகக்கூடிய சிறு பணி ஒன்றுண்டு. இன்று கிடைக்கும் ஒளிப்பதிவுகளிற் பெரும்பாலானவை அரங்கேற்ற இரவுக்குரியவை; அதுவும் சில காட்சிகளே. சட்டங்கொடுத்த நாளிலிருந்து வீட்டுக்கு வீடு ஆடி முடியும் நாள்வரை ஒரேயொரு ஊரின் கூத்தையாவது தமிழ்ச்சங்க மாணவர் இருவர் மூவர் உடனிருந்து பதிவுசெய்தல் வேண்டும். யாருக்கு எந்தச் சட்டம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன், செலவை யார் தாங்கினர், மத்தளத்துக்குத் தோல் போட்டவர் யார், அவர் எங்கே இருந்து கூத்தைப் பார்த்தார் என்பன அப்பதிவில் ஆட்டத்தோடும் பாட்டோடும் சேர்ந்து இடம்பெற வேண்டும்.