பெட்ரோல் குடிக்காத வண்டி

சென்ற மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் என் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் நீட்டினாள். பால் கணக்காக்கும் என்று நினைத்து வாங்கினேன். பால் கணக்கு அல்ல, பெட்ரோல் கணக்கு!

என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். போக வர 18. பதினோரு வயதாகிற பழைய ஸ்கூட்டரில் தினம் போய் வருகிறாள். மாதம் 24 நாள் என்று வைத்துக்கொண்டால் 430 கிலோமீட்டருக்குச் சற்று மேலே ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் வீதம், லிட்டர் நூறு ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள். ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடும்.

"இந்த வண்டி எனக்காக ஓடுகிறதா, நான் இந்த வண்டிக்காக ஓடுகிறேனா என்று தெரியவில்லை. கீழ் வீட்டு மாமி மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள். நாலு பேரை விசாரித்து எழுதுவதுதானே உங்கள் உத்தியோகம்? ஊருக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குச் சொல்லுங்களேன்!" என்றாள்.

நியாயமான கேள்விதான். விசாரித்தேன். அவளுக்குச் சொன்னதையே இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று யூனிட்டில் என்ன இருக்கிறது?

முதலில் என்னைத் திகைக்க வைத்த கணக்கு ஒன்று. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் சக்தியை மின்சாரமாக அளந்தால் ஏறக்குறைய 9 யூனிட் வரும். நடுத்தரமான ஒரு மின்சார ஸ்கூட்டரின் பாட்டரியில் அடங்குவதோ சுமார் 3 யூனிட். அதாவது, ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சமம். அந்தக் கொஞ்சம் பெட்ரோலை நம் பழைய ஸ்கூட்டரில் ஊற்றினால் 15 கிலோமீட்டரில் நின்றுவிடும். மின்சார ஸ்கூட்டரோ அதே சக்தியை வைத்துக்கொண்டு 90 கிலோமீட்டர் போகிறது!

இது என்ன ஜாலம் என்று கேட்பீர்கள். ஜாலம் ஒன்றுமில்லை, இத்தனை நாளாக நாம் பெட்ரோலை எரித்து வந்த லட்சணம் அப்படி. எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலில் கால் பங்குகூடச் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. மீதியெல்லாம் சூடாகவும் புகையாகவும் சத்தமாகவும் போகிறது. வண்டியை நிறுத்தியதும் சைலன்சரில் கால் பட்டுச் சுட்டுக் கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தச் சூடு முழுவதும் நாம் காசு கொடுத்து வாங்கியதுதான். மின்சார மோட்டார், கிடைத்த சக்தியில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சக்கரத்துக்கே கொடுத்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது அது எதையும் தின்பதில்லை. பல வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பியும் அனுப்புகிறது.

ஆகவே நூறு கிலோமீட்டருக்கு, சார்ஜ் ஏற்றும்போது ஆகும் சேதாரத்தையும் சேர்த்து, மூன்றரை யூனிட் போதும். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 28 ரூபாய்! பெட்ரோலுக்கு அதே தூரத்துக்கு 220 ரூபாய். என் மனைவியின் மாதச் செலவு ஆயிரத்திலிருந்து 120 ரூபாய்க்கு இறங்குகிறது. (நம் ஊர் மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும் கட்டணம் என்பதை மறக்க வேண்டாம். கோடையில் ஏ.சி. போடும் வீடுகளில் இந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேல்படிக்குத் தள்ளிவிடலாம்.)

நான் விலை கேட்ட இரண்டு வண்டிகளுக்கும், அதாவது பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும், வித்தியாசம் 25,000 ரூபாய். பள்ளிக்கூட விடுமுறையைக் கழித்து வருஷத்துக்கு 8,500 மிச்சம் என்றால், மூன்று வருஷத்தில் அந்த வித்தியாசம் அடைபட்டுவிடும். கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மாத்திரம், தினம் ஐந்தாறு கிலோமீட்டர் போகிறவர்களுக்கு ஆறு ஏழு வருஷம் ஆகும். அவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். சர்க்கார் மானியத்தை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். 2021-ல் வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்றிருந்த மத்திய மானிய வரம்பு, 2023 ஜூனில் 15 சதவீதமாகிவிட்டது. 2024-ல் வந்த புதிய திட்டத்தில் இன்னும் மெலிந்தது. கடையில் அன்றைக்குச் சொல்லும் விலைதான் விலை.

பாட்டரிக்குள் ஒரு தமிழர்

மின்சார இரு சக்கர வண்டி நேற்றுப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஆக்டன் போல்ட்டன் என்பவர் 1895-லேயே மின்சார சைக்கிளுக்குப் பேடண்டு வாங்கியிருக்கிறார். நூறு வருஷம் அது தூங்கியதற்குக் காரணம் பாட்டரி. ஈயப் பாட்டரியைச் சுமந்துகொண்டு போவது, அம்மிக்கல்லைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு போவது மாதிரி. லிதியம் பாட்டரி 1991-ல் விற்பனைக்கு வந்த பிறகுதான் விமோசனம் பிறந்தது.

அந்த லிதியம் பாட்டரிக்காக 2019-ல் ரசாயன நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஜான் குட்இனஃப். அப்போது அவருக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? ஆறுமுகம் மந்திரம்! தென் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்து, டெக்சாஸில் பேராசிரியராக இருப்பவர். 1980-களில் அவரும் குட்இனஃபும் சேர்ந்து கண்ட வழியில்தான் பிற்பாடு இரும்பு பாஸ்பேட் பாட்டரி வந்தது. வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. நிக்கல் கலந்த பாட்டரி எடை குறைவு, தூரம் அதிகம். இரும்பு பாஸ்பேட் பாட்டரி கொஞ்சம் கனம். ஆனால் சூட்டைத் தாங்கும், நாள்பட உழைக்கும். நம் ஊர் வெயிலுக்கு எது ஏற்றது என்று நான் சொல்ல வேண்டுமா? கடைக்காரரிடம் "இது எந்த வகைப் பாட்டரி?" என்று கேட்டேன். அவர் சட்டென்று வண்டியின் நிறங்களைக் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

வண்டிகளும் பெரும்பாலும் நம் அக்கம்பக்கத்துச் சரக்குத்தான். ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் பாட்டரிக்குள் இருக்கும் செல்களில் பெரும்பகுதி கடல் கடந்துதான் வருகிறது.

"எது முந்துகிறதோ அது"

எங்கள் கட்டிட வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த ஒரு பையனைப் பிடித்துக்கொண்டேன். மின்சார வண்டி வைத்திருந்தான்.

"தம்பி, லாபமாக இருக்கிறதா?"

"ஆரம்பத்துல ராஜா மாதிரி இருந்தேன் சார். தினம் 110 கிலோமீட்டர் ஓட்டறேன். பெட்ரோலுக்குப் போன காசு எல்லாம் கையில நின்னுச்சு. அம்மா நகையை மீட்டேன்."

"இப்போது?"

"முன்னே ஒரு சார்ஜுக்கு 95 போவும். இப்ப 65-ல மூச்சு வாங்குது. மத்தியானம் ரெண்டு மணி நேரம் சார்ஜுக்கு நின்னா, அந்த நேரத்து ஆர்டர் எல்லாம் போச்சு."

பாட்டரிக்கு மூன்று வருஷ உத்தரவாதம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். வண்டி வாங்கிப் பதினாலு மாதந்தான் ஆகிறது. ஆனால் அந்த அட்டையில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "அல்லது 40,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது." அவன் வண்டியின் மீட்டர் சென்ற வாரந்தான் நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது! புதுப் பாட்டரி என்றால் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்காவது ஆகும். வண்டிக் கடனோ இன்னும் பத்துத் தவணை பாக்கி.

அந்த வரியை அவன் அன்றைக்கு என்னோடு சேர்ந்துதான் முதல் தடவையாகப் படித்தான். அவன் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அவனுக்கு ஏற்றது வேறு வகை. பாட்டரியை வாடகைக்கு எடுத்து, தீர்ந்ததும் நிலையத்தில் கொடுத்துவிட்டு வேறொன்று மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு சில நகரங்களில் வந்திருக்கிறது. பாட்டரி தேய்ந்தால் நஷ்டம் ஓட்டுகிறவருக்கு இல்லை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் சொந்தப் பாட்டரி வாங்கும் முன் இதை விசாரிக்க வேண்டும். 18 கிலோமீட்டர் ஓடும் என் மனைவிக்கு இந்தப் பயம் இல்லை. அவளுக்கு நாற்பதாயிரம் ஆக எட்டு வருஷமாவது செல்லும். அதற்குள் வருஷக் கணக்கு முந்திக்கொள்ளும். ஆகையால் இரண்டு எண்களையும் பார்த்து, தன் ஓட்டத்தோடு பொருத்திப் பார்ப்பவரே பிழைத்தார்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் தூரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 120 என்றால் பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு, மேம்பாலம் ஏறி இறங்கினால் 85 அல்லது 90 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்பு

"வெடிக்குமாமே?" இதுதான் எல்லா வீட்டிலும் கேட்கிற முதல் கேள்வி. அதைத் தள்ளிவிடுவதற்கில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றிப் புகை சூழ்ந்ததில் ஒரு தந்தையும் அவருடைய 13 வயது மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த வருஷத்தில் நாட்டில் வேறு இடங்களிலும் வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு பாட்டரி பாதுகாப்பு விதிகளை மத்திய சர்க்கார் கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் ஒரு பகுதியும், 2023 மார்ச் கடைசியில் மறு பகுதியும் அமலுக்கு வந்தன. ஒரு செல் சூடேறினால் அந்தச் சூடு அடுத்த செல்லுக்குத் தாவுகிறதா என்றுகூடச் சோதிக்க வேண்டும். பழைய வண்டியை மலிவாகக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால், முதலில் எந்த வருஷத்து வண்டி என்று கேளுங்கள்.

மற்றது நம் கையில் இருக்கிறது. வண்டியோடு வந்த சார்ஜரை மாத்திரம் உபயோகியுங்கள். வெயிலில் ஓடி வந்த வண்டியை அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். வீட்டுக்குள், அதுவும் வெளியே போகும் வழியை மறித்துக்கொண்டு, இரவு முழுவதும் சார்ஜ் போட வேண்டாம். சார்ஜர் இழுக்கும் மின்சாரம் சுமார் ஓர் இஸ்திரிப் பெட்டி அளவு. ஆனால் இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம். இது நாலைந்து மணி நேரம். பழைய வயரும் ஆடும் பிளக்கும் அதற்குத் தாங்காது. 2023 டிசம்பர் புயல் மழையில் நின்ற மாதிரி வண்டி தண்ணீரில் முழுகிவிட்டால், வெளியே எடுத்ததும் சார்ஜ் போட்டுப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கிராமத்தில் இருக்கும் என் தகப்பனாருக்கு மின்சார சைக்கிள் யோசனை ஒன்றும் சொல்லிப் பார்த்தேன். மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மிஞ்சாத வண்டிக்கு நம் நாட்டில் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு எதிர்க்காற்றில் நல்ல துணை. "மிதிக்காமல் போவதற்குச் சைக்கிள் எதற்கடா?" என்று சொல்லிவிட்டார். அறுபத்தெட்டு வயதிலும் மிதிக்கிறார்.

புகை விஷயம்? வண்டியில் புகை இல்லை. தெருவுக்கு அது பெரிய நன்மை. ஆனால் நம் நாட்டு மின்சாரத்தில் நாலில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அந்தப் புகையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் பெட்ரோல் வண்டியைவிடப் பாதியளவுதான் ஆகிறது. சத்தமும் இல்லை. அதனால் ஒரு சங்கடம்: எங்கள் தெருவில் வாக்கிங் போகும் தாத்தா, மாமியின் வண்டி பக்கத்தில் வந்த பிறகே துள்ளிக் குதிக்கிறார்.

மூன்றாவது துளை

கடைசியில் என் மனைவி ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தாள். மேம்பாலத்தில் திணறாமல் ஏறியது. வாங்குவது என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்தது எங்கள் குடியிருப்போர் சங்கம்.

நாங்கள் இரண்டாம் மாடி. வண்டி கீழே. மாமிக்குத் தரைத்தளம், ஜன்னல் வழியாக ஒயரை விட்டுவிட்டாள். மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு, சங்கத்தில் பெரிய ரகளையாகி அதைச் சுருட்டிக்கொண்டார். காரியதரிசி ஓய்வு பெற்ற தணிக்கையாளர். "பொது மின்சாரத்தில் உங்கள் மனைவி பள்ளிக்கூடம் போவதற்கு நான் ஏன் ஸார் பணம் கட்டவேண்டும்?" என்றார். தனி மீட்டர் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகே சம்மதித்தார்.

சென்ற சனிக்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்தார். வண்டி நிறுத்துமிடத்துச் சுவரில் இருந்த பழைய பிளக் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, என்னையும் காரியதரிசியையும் அருகே கூப்பிட்டார். பிளக்கில் மூன்று துளைகள் இருந்தன. மேல் துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை! கட்டிடம் கட்டின நாளிலிருந்து இல்லையாம்.

காரியதரிசிக்கு வியர்த்துவிட்டது. பக்கத்துப் பெட்டியில்தான் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. அதையும் கழற்றச் சொன்னார். அதிலும் இல்லை.

அடுத்த வாரம் கிணற்றடியில் எர்த் குழி வெட்டுகிறார்கள், செலவு சங்கத்தினுடையது. அது முடிந்து, எலெக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்லும் வரை வண்டிக்கு முன்பணம் கட்டுவதில்லை என்று என் மனைவி சொல்லிவிட்டாள். இன்று காலையும் பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டுதான் போனாள். நோட்டுப் புத்தகத்தில் 200 ரூபாய் எழுதியிருக்கிறது.