பறையடித்தவருக்கும் உரிமை உண்டு

மாசித் திருவிழா முடிந்து இரண்டு மாதம் கழித்து, பறைக்குழுத் தம்பி ஒருவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். “அண்ணே, இது எங்க அடிதானே, கேளுங்க.”

யூடியூபில் ஒரு பாட்டு. தொடக்கத்தில் அரை நிமிடம் பறை. கோயில் வாசலில் அவர்கள் எட்டுப் பேரும் அடித்ததேதான். இடையில் அவருடைய பெரியப்பா அடிக்கும் சீழ்க்கைகூட அப்படியே கேட்டது. பாடியவர் பெயர், இசை அமைத்தவர் பெயர், கேமரா பிடித்தவர் பெயர் எல்லாம் வந்தன. அடித்தவர்கள் பெயர் இல்லை.

சேனல்காரரிடம் பேசினேன். “பறை யாருக்குங்க சொந்தம்? காலங்காலமா இருக்கறதுதானே, அது பொது” என்றார். ஊர்க் கிணறு பொது, சுடுகாட்டுப் பாதை பொது என்று நாம் சொன்னபோதெல்லாம் ஏறாத சொல், நம் கலை என்றதும் எவ்வளவு எளிதாக வருகிறது!

அவர் சொன்னதில் பாதி சரி. அடி யாருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் அன்று, அந்த வாசலில், அந்தக் கைகள் அடித்தது அந்த எட்டுப் பேருக்கு உரியது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதை நிகழ்த்துநர் உரிமை என்கிறது.

தொடக்கத்தில் அந்தச் சட்டத்தில் இது இல்லை. படத்தில் நடித்த நடிப்பு தனக்கே உரியது என்று வாதிட்ட தேவ் ஆனந்தே பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தோற்றார். 1994இல் வந்த திருத்தம்தான் உரிமையைக் கொடுத்தது. 2012 திருத்தம் அதை விரித்தது. நிகழ்த்துநர் யார் என்று சொல்லுமிடத்தில் நடிகர், பாடகர், இசைக்கலைஞரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் இருக்கிறார்கள். எழுதிவைத்த பாட்டு வேண்டாம், பட்டம் வேண்டாம், எங்கும் பதிவு செய்திருக்கவும் வேண்டாம். நிகழ்த்தினால் போதும்.

அனுமதியில்லாமல் அதைப் பதிவு செய்யவோ, விற்கவோ, இணையத்தில் ஏற்றவோ கூடாது. இந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும் உண்டு. சாவு வீட்டில் அடித்ததை வெட்டி ஒட்டி, கேலி வசனம் சேர்த்து ரீல்ஸ் போடுகிறார்களே, அப்படி மதிப்பைக் கெடுக்கும் சிதைப்பையும் தடுக்கலாம். மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இவை இரண்டும் நம்மிடமே இருக்கும். மாமன் மச்சான் தான் பார்த்து மகிழ எடுப்பதும், மாணவர் ஆய்வுக்கு எடுப்பதும், நிருபர் செய்திக்கு எடுப்பதும் குற்றமல்ல.

சினிமாவில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். படத்தில் போகிற போக்கில் வந்துபோய், பெயர்ப் பட்டியலிலும் இடம்பெறாதவருக்குச் சிதைப்பைத் தடுக்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். அதனால் கூலி பேசும்போதே பெயரையும் பேசிவிடுங்கள். எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் தயாரிப்பாளர் படத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. ஆனாலும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி கேட்கலாம். உரிமையை எழுதிக் கொடுக்கும் தாளில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் கொள்ளும். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். குழுத்தலைவர் ஒருவரே போட்டால் பின்னால் தகராறு வரும், எல்லோரும் போடுங்கள்.

வழக்குப் போடச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி எண் 15100.

தம்பியின் குழு சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பாட்டுக்குக் கீழே எட்டுப் பெயரும் இப்போது இருக்கின்றன. பணம் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பணம் வாங்கும்போது நீட்ட ஒரு தாளும் தயார் செய்திருக்கிறார்கள். அதில் தன் பெயருக்கு நேரே ‘பறை’ என்று எழுதியதைப் பெரியப்பா படிக்கச் சொல்லிக் கேட்டார். ‘சீழ்க்கை’யையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார்.