குரல் போனவருக்காக யார் போன் எடுப்பது?

பெப்ரவரி 4 உலகப் புற்றுநோய் தினம். அந்தத் திகதி நெருங்க நெருங்க எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரே சந்தேகம் பல உருவத்தில் தலைகாட்டுகிறது. தலவாக்கலை, லிந்துலைப் பக்கத்துக் கடிதங்களின் சாரம் இது: "புற்றுநோய்க்காரருக்கும் வீட்டாருக்கும் இலவசமாக மனஆறுதல் சேவை தருகிறார்களாமே, 4ஆம் திகதிக்கு முன்னால் எங்கே பெயர் பதிய வேண்டும்? கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டுமா?"

எங்கேயும் பதிய வேண்டாம். கடிதம் வேண்டாம். கடைசித் திகதி என்று ஒன்று இல்லவே இல்லை. படிவமும் கையொப்பமும் இல்லாமல் எதுவும் கைக்கு வந்து பழக்கமில்லாத மக்கள் இப்படிக் கேட்பதில் தப்பில்லை. பதாகைகள் அந்த ஒரு வாரம் மட்டும் தொங்குவதால் சேவையும் அந்த ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்திருக்கிறார்கள்.

இருப்பவை இவை. 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் இலவச இலக்கம், இரவும் பகலும் இயங்குவது. 1333 சீ.சீ.சீ. பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச இலக்கம். புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தூரத்திலிருந்து வருபவர்கள் காசில்லாமல் தங்கும் விடுதியை மஹரகமையில் நடத்துவதும் அதே நிறுவனம்தான். மூன்றாவது சுமித்ரயோ, 1974இல் ஜோன் டி மெல் தொடங்கிய தொண்டர் அமைப்பு. இந்த மூன்று தொலைபேசிச் சேவைகளும் புற்றுநோய்க்கென்றே ஏற்பட்டவை அல்ல. கடன், குடும்பச் சண்டை, பரீட்சை பயம் என்று எல்லா வகை அழைப்பும் அங்கே போகும். ஆனாலும் புற்றுநோயைப் பற்றிப் பேசினால் "இது எங்கள் வேலையில்லை" என்று வைத்துவிடும் இடங்கள் அல்ல.

1926 பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தேசிய மனநல நிறுவகம் என்று பெயர்ப்பலகை சொன்னாலும் சனங்களுக்கு அது இன்னும் 'அங்கொடை'தான். அந்த இலக்கத்தை அழுத்தினால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும் என்ற பயம் கடிதங்களில் தெரிகிறது. அழைத்தவுடன் வண்டி எதுவும் வராது. அடுத்த முனையில் ஒருவர் பேசுவார், அவ்வளவுதான்.

இந்தச் சேவைகளில் எனக்குக் கெட்டித்தனமாகத் தெரிவது சுமித்ரயோவின் முறை. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியில் வந்தது அது. எடுப்பவர் டாக்டர் அல்ல, உளவளத்துணைப் பட்டம் பெற்றவராகவும் இருக்கத் தேவையில்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஆள். அவருக்குள்ள முதல் கட்டுப்பாடு புத்திமதி சொல்லக்கூடாது என்பது. கேட்கும்போது, "அப்படியானால் அதில் என்ன பிரயோசனம்?" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தோட்டத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் காம்பராக்காரர் கஷாயம் சொல்வார். மாமியார் நேர்த்திக்கடன் சொல்வார். "கத்தி பட்டா பரவிடும், ஆபரேசனுக்கு ஒத்துக்காதே" என்று ஒருவர் பயமுறுத்துவார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் இன்னொருவர், யாருக்கோ இதே நோய் வந்து என்ன ஆனது என்ற கதையை முழுசாகச் சொல்லி முடிப்பார். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் புத்திமதியில் பஞ்சமே இல்லை. அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்கத்தான் ஆள் இல்லை.

அவள் போன் எடுத்து, "அவருக்கு என்ன நோயின்னு சொல்லாம வச்சிருக்கோம்" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொந்தக்காரர் என்றால், "சொல்லவே சொல்லாதே, பயந்துருவாரு" என்பார். வார்ட்டில் என்றால், "சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது" என்பார்கள். இரண்டும் உத்தரவு. பயிற்சி பெற்ற தொண்டர் கேட்க வேண்டியது வேறு: "இதை மனசுக்குள்ளேயே வச்சுக்கிட்டு அவர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது உங்களுக்கு எப்படி இருக்கு?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கும்போதுதான், கணவர் பயந்துவிடுவார் என்பதைவிடத் தான் உடைந்து போவோம் என்பதற்கே அஞ்சுகிறோம் என்று அவளுக்குப் பிடிபடக்கூடும். அதன்பிறகு சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு.

இதனால் நோய் குணமாகுமா? ஆகாது. "மனதில் தைரியம் இருந்தால் புற்றுநோயை வெல்லலாம்" என்று பதாகைகளில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்று இருக்கிறது. 1989இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்களில், குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே கொண்டாடியது. 2001இல் கனடாவில் பமிலா குட்வின் குழுவினர் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால், அதிகம் துவண்டிருந்தவர்களுக்கு மனவேதனை குறைந்தது, வலியின் கடுமையும் குறைந்தது. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் கூடுதல் ஆறுதல். தைரியம் குணமாக்கும் என்றால், குணமாகாதவர் கோழை என்றாகிவிடும். நோயும் சுமந்து அந்தப் பழியையும் ஏன் சுமக்க வேண்டும்?

இனி என்னைத் தொந்தரவு செய்யும் பக்கம். இலங்கையில் ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நம் லயங்களில் எவ்வளவு சாதாரணம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும், வெறும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004லேயே வெளியிட்டுவிட்டது. இந்த நோய்க்கு நாக்கிலோ தாடையிலோ ஆபரேசன் செய்கிறார்கள். பலருக்கு அதன்பின் ஆறு ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு. வாய் வெந்து, எச்சில் வற்றி, தண்ணீர் விழுங்குவதே பாடாகிவிடும். அந்த மனிதரிடம்தான் "கஷ்டமாக இருந்தால் இந்த இலக்கத்துக்குப் பேசுங்கள்" என்று துண்டுப்பிரசுரத்தை நீட்டுகிறோம். எந்த நோய் பேச்சைப் பறிக்கிறதோ அந்த நோய்க்காரருக்குப் பேச்சையே நம்பிய சேவை!

பேச்சு இருப்பவருக்கு மட்டும் என்ன வசதி? லயத்துச் சுவருக்கு இரண்டு பக்கமும் காது. இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் எத்தனை தரம் என்று எண்ணுவார்கள். "அழைப்பவரின் இரகசியம் காக்கப்படும்" என்ற உறுதிமொழி கொழும்பில் போன் எடுப்பவரின் பக்கத்துக்கு மட்டும் பொருந்தும். மும்மொழிச் சேவை என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மும்மொழியும் அச்சில் எப்போதும் இருக்கும். இரவு பதினொரு மணிக்கு எடுப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவுஸ்திரேலியாவில் புற்றுநோய்க்கென்றே 13 11 20 என்ற இலக்கம் இருக்கிறது. மெல்பேர்னில் வாழும் தமிழர் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டு அதில் பேசலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழி அல்ல, இங்கே ஆட்சிமொழி.

ஆகவே நான் சொல்வது: நோயாளி போன் எடுப்பார் என்று காத்திருக்காதீர்கள், கூட இருப்பவர் எடுக்கட்டும். இதற்குச் சலுகை எதுவும் கேட்க வேண்டியதில்லை. நோய்த் தணிப்புப் பராமரிப்புக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் விளக்கத்திலேயே நோயாளியோடு குடும்பமும் சேர்ந்திருக்கிறது. கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கும் மஹரகமைக்கும் அலைபவர், பேர் போடாத நாள்களைக் கணக்குப் பார்ப்பவர், இரவில் விழித்திருப்பவர் எல்லாம் அவர்தானே. அவருக்கு நோய் இல்லை என்பதால் அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பேச முடியாதவருக்கு வேறு வழி உண்டா? உண்டு, அது பழையது. 1952இல் அமெரிக்காவில் மார்பகம் அகற்றப்பட்ட டெரீஸ் லாசர் என்ற பெண், அதே ஆபரேசன் முடிந்து படுத்திருந்த மற்றப் பெண்களை ஆஸ்பத்திரியிலேயே போய்ப் பார்க்கத் தொடங்கினார். அதே ஆண்டில்தான் குரல்வளை எடுக்கப்பட்டவர்களின் சர்வதேச சங்கமும் அங்கே உருவானது. முன்பு அந்த வழியால் நடந்தவர் புதிதாக வந்தவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்வதுதான் முறை. வந்தவர் உயிரோடு, சட்டை போட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதே பாதி ஆறுதல். மஹரகமை விடுதி போன்ற இடங்களில் திட்டம் போடாமலே இது நடக்க இடமிருக்கிறது. வாரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் ஒருவர் காயத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். சிகிச்சை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்களை இதே வேலைக்குக் கூப்பிட யாரும் யோசிப்பதில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

காசு வெட்டுமா? 1926, 1333 இரண்டுக்கும் வெட்டாது. சுமித்ரயோவுக்கு வழமையான கட்டணம்.

பெயர் சொல்ல வேண்டுமா? விருப்பமில்லாவிட்டால் வேண்டாம்.

எடுப்பவர் சிங்களத்தில் பேசினால்? "தமிழ்" என்று சொல்லிப் பொறுத்திருங்கள். ஆள் இல்லை என்றால் எப்போது இருப்பார் என்று கேளுங்கள்.

மருந்து, ஊசி பற்றிக் கேட்கலாமா? அதற்கு கிளினிக்தான்.

1929? அது சிறுவர் பாதுகாப்பு இலக்கம், ஓர் எண்ணில் மாறிப்போகும், கவனம்.

1990? அம்புலன்ஸ்.

வைத்தியச் செலவுக்கு உதவி? ஜனாதிபதி நிதியம், பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

நோய் தொற்றுமா? தொற்றாது, தட்டையும் கோப்பையையும் தனியாக வைக்காதீர்கள்.

செத்துப்போகலாம் என்று நோயாளி சொன்னால்? விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள், தனியாக விடாதீர்கள், உடனே 1926.

கடைசியாகத் தோட்டத் தலைவர்மாருக்கும் நலன்புரி உத்தியோகத்தர்களுக்கும் ஒரு கோரிக்கை. இந்த இலக்கங்களைத் தமிழில் பெரிதாக எழுதித் தோட்டத்து டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டுங்கள், ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்கட்டும். பிள்ளைக் காம்பரா சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கிறது. போன் பேசக் கதவு சாத்திய ஓரிடம் வேண்டும் என்று யாராவது வந்தால், காரணம் கேட்காமல் அதன் சாவியைக் கொடுங்கள்.