ஆக்சிசனேற்ற, ஒடுக்க வினைகளை இனங்காணல்

வேதிவினையொன்றில் அணுவோ அயனியோ மூலக்கூறோ எலக்ட்ரானை இழப்பது ஆக்சிசனேற்றம் எனப்படும். எலக்ட்ரானை ஏற்பது ஒடுக்கம் எனப்படும். ஒன்று இழப்பதை மற்றொன்று ஏற்றாக வேண்டும் என்பதால் இவ்விரண்டும் சேர்ந்தே நிகழ்கின்றன. முற்காலத்தில் ஆக்சிசனோடு சேர்வதை மட்டுமே இப்பெயரால் குறித்தனர். இன்றைய வரையறையில் ஆக்சிசன் பங்கேற்காத வினைகளும் அடங்கும்.

ஆக்சிசனேற்ற எண்

சமன்பாட்டைப் பார்த்த அளவில் எலக்ட்ரான் இடமாற்றம் புலப்படாது. அதைக் கண்டறிய ஆக்சிசனேற்ற எண் பயன்படுகிறது. அதற்கான விதிகள்:

1. தனிம நிலையில் உள்ள அணுவிற்கு 0.
2. ஓரணு அயனிக்கு அதன் மின்சுமையே எண்.
3. சேர்மங்களில் ஐதரசனுக்குப் பொதுவாக +1. உலோக ஐதரைடுகளில் −1.
4. ஆக்சிசனுக்குப் பொதுவாக −2, பெராக்சைடுகளில் −1.
5. நடுநிலை மூலக்கூறில் எண்களின் கூட்டுத்தொகை 0.

எடுத்துக்காட்டாக, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் பொட்டாசியம் +1. நான்கு ஆக்சிசன்கள் சேர்ந்து −8. கூட்டுத்தொகை 0 ஆக வேண்டுமெனில் மாங்கனீசு +7 ஆகும்.

வினைக்கு முன்னும் பின்னும் எண்களை ஒப்பிட வேண்டும். எண் கூடினால் ஆக்சிசனேற்றம், குறைந்தால் ஒடுக்கம்.

எடுத்துக்காட்டுகள்

செம்பு சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத் தகட்டை இட்டால் நீலநிறம் மெல்ல மங்கும். தகட்டின் மேல் செம்பு படியும். துத்தநாகம் 0 இலிருந்து +2 ஆகிறது, இது ஆக்சிசனேற்றம். செம்பு +2 இலிருந்து 0 ஆகிறது, இது ஒடுக்கம். சல்பேட்டு மாறுவதில்லை. இங்கே துத்தநாகம் ஒடுக்கி, செம்பு அயனி ஆக்சிசனேற்றி. தான் ஆக்சிசனேற்றம் அடையும் பொருளே ஒடுக்கி என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தேர்வில் பலரும் இவற்றை மாற்றி எழுதிவிடுகின்றனர்.

சுண்ணாம்புக் காளவாயில் சுண்ணாம்புக்கல் சிதைந்து சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. கால்சியம் +2, கார்பன் +4, ஆக்சிசன் −2 என எண்கள் மாறாமல் இருப்பதால் இச்சிதைவு ஆக்சிசனேற்ற ஒடுக்க வினையன்று. வெப்பமோ வாயுவோ இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் நிகழக்கூடிய வினை

கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேல் ஆசிட்டை ஊற்றுவது ஆபத்தானது. பிளீச்சிங் பவுடரின் ஐப்போகுளோரைட்டில் குளோரின் +1. ஐதரோகுளோரிக் அமிலத்தில் −1. இரண்டும் வினைபுரிந்து, எண் 0 உடைய குளோரின் வாயுவாகின்றன. ஒரே தனிமம் ஒருபுறம் ஒடுக்கமும் மறுபுறம் ஆக்சிசனேற்றமும் அடைகிறது. இவ்வாயு நச்சுத்தன்மை உடையது. கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இவ்விரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியேறித் திறந்தவெளிக்குச் செல்ல வேண்டும். மூச்சுத்திணறல் இருப்பின் மருத்துவரை அணுக வேண்டும்.