பழைய கடைக்குள் ஒரு புதிய கடை

அண்மைக் காலமாகப் புறக்கோட்டை வியாபாரிகள் இருவர் சந்தித்துக்கொண்டால் ஒரு விடயம் தவறாமல் பேச்சில் வருகிறது. பெரிய கம்பனியில் நல்ல சம்பளத்தில் இருந்த மகன் வேலையை விட்டுவிட்டு வந்து, "வாப்பா, புதுசா ஒரு பிஸ்னஸ் தொடங்கப் போறேன்" என்கிறான். வாப்பாவுக்கோ முப்பது வருடம் கட்டிக் காத்த கடையைப் பற்றிய கவலை. மகன் சொல்வது வாப்பாவுக்கு விளங்குவதில்லை; வாப்பா ஏன் பயப்படுகிறார் என்பது மகனுக்கு விளங்குவதில்லை.

இது நம்மவர்களுக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. உலகின் மிகப் பெரிய கம்பனிகளே இதில் அகப்பட்டுத் தவித்திருக்கின்றன. அவற்றுள் மூன்றின் கதையை இவ்வாரம் பார்ப்போம்.

பெரிய நிறுவனத்தின் பலம் ஒழுங்கு. ஒவ்வொரு செலவுக்கும் அனுமதி, ஒவ்வொரு பொருளுக்கும் கணக்கு, ஒவ்வொருவருக்கும் இன்ன வேலை என்ற வரையறை அங்கே உண்டு. 'ஸ்டார்ட்அப்' என்று இன்று சொல்லப்படும் புதிய சிறு நிறுவனத்தின் பலம் வேகம். காலையில் தோன்றிய யோசனையை மாலையில் செய்து பார்க்கலாம். சரிவராவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம். இவை இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியுமா என்பதே கேள்வி.

கையிலிருந்ததைத் தவறவிட்ட கொடக்

டிஜிட்டல் கமராவைக் கண்டுபிடித்தவர் வெளியாள் அல்லர். பிலிம் விற்றுப் பெரும் பணம் சம்பாதித்த கொடக் கம்பனியின் ஊழியரான ஸ்டீவ் சசன் என்ற இளம் பொறியியலாளரே 1975 இல் அதனைச் செய்து காட்டினார். அது 3.6 கிலோ எடை கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாக் கசெட்டில் பதிவு செய்ய 23 விநாடிகள் எடுத்தது. 1978 இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

ஆனால் கொடக்கின் இலாபம் பிலிமிலும், படம் கழுவும் இரசாயனத்திலும், படம் அச்சிடும் தாளிலும் இருந்தது. பிலிம் தேவைப்படாத கமரா ஒன்றை விற்பது தனது கடையைத் தானே மூடுவது போன்றது என்று மேலிடத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. பின்னர் கொடக்கும் டிஜிட்டல் கமராக்களை விற்கத்தான் செய்தது. எனினும் பழைய வியாபாரம் தந்த இலாபத்தைப் புதியது ஒருபோதும் தரவில்லை. 2012 ஜனவரியில் அக்கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. மறு ஆண்டு மீண்டு வந்தபோது அது மிகவும் சுருங்கிப் போயிருந்தது.

இங்கே யோசனைக்கோ பணத்துக்கோ திறமைக்கோ குறைவிருக்கவில்லை. புதிய பொருளைப் பழைய பொருளின் இலாபத்தோடு ஒப்பிட்டு நிறுத்ததே பிழை. அந்தத் தராசில் எந்தப் புதிய வியாபாரமும் முதல் நாளிலேயே தோற்றுவிடும்.

தனி இடம் கொடுத்த ஐ.பி.எம்

பெரிய கணினிகளில் உலகின் முதலிடத்தில் இருந்த ஐ.பி.எம் கம்பனி, 1980 இல் வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஏற்ற சிறிய கணினி ஒன்றைச் செய்ய விரும்பியது. கம்பனியின் வழமையான நடைமுறையில் போனால் அதற்குப் பல வருடங்கள் எடுக்கும். ஆகவே தலைமையகத்திலிருந்து வெகு தூரத்தில், புளோரிடா மாநிலத்தின் போகா ரட்டோன் நகரில், ஒரு சிறு குழுவிடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. டொன் எஸ்ட்ரிட்ஜ் என்பவர் அதற்குத் தலைமை தாங்கினார்.

எல்லாவற்றையும் தாமே செய்வது என்ற கம்பனியின் பழக்கத்தை அக்குழு கைவிட்டது. கணினியின் மூளையான சிப்பை இன்டெல்லிடமும், இயக்கும் மென்பொருளை மைக்ரோசொப்டிடமும் வாங்கியது. தனது சொந்த விற்பனையாளர்களை மட்டும் நம்பியிராமல், சியர்ஸ் போன்ற வெளிக் கடைகள் மூலமும் விற்றது. ஏறக்குறைய ஒரே வருடத்தில், 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி, 1,565 டொலர் ஆரம்ப விலையில் 'ஐ.பி.எம் பீசி' வெளிவந்தது. சிறு குழுவின் வேகமும் பெரிய கம்பனியின் பெயரும் ஒன்று சேர்ந்ததால் அது பெரு வெற்றி பெற்றது.

இந்த வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது. வெளியில் வாங்கிய உதிரிகளை மற்றவர்களும் வாங்கலாம் அல்லவா? கொம்பெக் முதலிய கம்பனிகள் அதே போன்ற கணினிகளைச் செய்து சந்தையைப் பிடித்தன. இறுதியில் 2005 இல் ஐ.பி.எம் தனது பீசி வியாபாரத்தைச் சீனாவின் லெனோவோவுக்கு விற்றுவிட்டது. ஆகவே அவசரத்தில் எதையெல்லாம் வெளியில் வாங்கினாலும், நமக்கே உரியதாக ஒன்று கையில் இருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் காட்டிய வழி

மூன்றாவது கதை கென்யாவில் நடந்தது. வொடபோன் கம்பனியின் அதிகாரிகள் சிலர், கையடக்கத் தொலைபேசி மூலம் சிறு கடன்களைத் திருப்பிச் செலுத்தும் முறையொன்றைச் செய்ய எண்ணினார்கள். கம்பனியின் வழமையான முதலீட்டுக்காகக் காத்திராமல், பிரித்தானிய அரசின் அபிவிருத்தி உதவி நிதியிலிருந்து ஒரு தொகையைப் பெற்று, கம்பனியின் பங்கையும் சேர்த்துக்கொண்டார்கள். 2005 ஒக்டோபரில் சபாரிகொம் நிறுவனத்துடன் சேர்ந்து சில நூறு பேரை மட்டும் வைத்துப் பரீட்சித்துப் பார்த்தார்கள்.

மக்கள் கடனை மட்டும் கட்டவில்லை. ஊரில் உள்ள குடும்பத்துக்கு அதே வழியில் பணம் அனுப்பினார்கள். பயணம் போகுமுன் பணத்தைப் போட்டுவிட்டு, போன இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். இதைக் கவனித்த குழுவினர் கடன் விடயத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, 2007 மார்ச்சில் 'எம்-பெசா' என்ற பெயரில் பணம் அனுப்பும் சேவையாகவே அதனைத் தொடங்கினார்கள். பெசா என்றால் சுவாஹிலி மொழியில் பணம். அதன் முகவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்களே. இலங்கையில் டயலொக் 'ஈசி கேஷ்' சேவையை ஆரம்பித்தது 2012 இல்.

என் கடையில் நடந்தது

இவற்றை எழுதும் எனக்கு இந்தப் பாடம் இலகுவில் வரவில்லை. ஏழு வருடம் ஒரு கம்பனியில் விநியோகப் பிரிவில் இருந்த என் இரண்டாவது மகன், எங்கள் துணிக் கடைக்கு வந்து, சிறுவர் ஆடைகளைத் தொலைபேசியில் ஓடர் எடுத்துக் கூரியரில் அனுப்பலாம் என்றார். நானும் சம்மதித்தேன். ஆனால் கடை வாடகையில் ஒரு பங்கு, சேல்ஸ்மன்மாரின் சம்பளத்தில் ஒரு பங்கு, மின்சாரத்தில் ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் அந்தச் சிறு முயற்சியின் தலையில் போட்டேன். நான்கு மாதத்தில் கணக்கு நட்டம் காட்டியது. "போதும், நிப்பாட்டு" என்றேன். அவர் ஒரு வருடம் கடைப் பக்கமே வரவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் பேச்சுக் குறைந்தது.

மீண்டும் தொடங்கியபோது என் மனைவியின் சொற்படி மூன்று இலட்சம் ரூபாயைத் தனியாகக் கொடுத்து, பின்னறையையும் ஒரு பையனையும் ஒதுக்கினேன். ஆறு மாதம் நான் கணக்கைக் கேட்கவில்லை. அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. ஒவ்வொன்றாக ஆடை வாங்குவோரை விட, காத்தான்குடியிலும் கல்முனையிலும் உள்ள சிறு கடைக்காரர்களே புதுச் சரக்கின் படத்தைப் பார்த்து மொத்தமாக ஓடர் தந்தார்கள். கொழும்புக்கு வந்து போகும் செலவும் ஒரு நாளும் அவர்களுக்கு மிச்சம். 2020 இல் கொரோனா ஊரடங்கு தளர்ந்த பின்னர் கொழும்புக்கு வரத் தயங்கியவர்களிடமிருந்து அந்தப் பின்னறைக்கு வந்த ஓடர்களால்தான் முன் கடையின் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, புதிய முயற்சிக்குத் தனிப் பணம், தனிக் கணக்கு, தனி லாச்சி வேண்டும். அந்தத் தொகை முழுவதும் போனாலும் பழைய கடை ஆடாத அளவாக அது இருக்கட்டும். காலக்கெடுவையும் ஆரம்பத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பழைய கடையிடமிருந்து எதைப் பெறலாம் என்று பாருங்கள். மொத்த வியாபாரியிடம் உள்ள கடன் தவணை, ஊரில் உள்ள நல்ல பெயர், சரக்கைப் பார்த்தவுடன் தரம் சொல்லும் வாப்பாவின் கண் என்பவை வெளியில் விலைக்குக் கிடைக்காதவை. ஐ.பி.எம்முக்குக் கடைசியில் இல்லாமற் போனது இப்படியான ஒன்றுதான்.

மூன்றாவது, கம்பனியிலிருந்து வரும் பிள்ளைகள் கணக்கெழுதும் ஒழுங்கையும் சரக்கிருப்பைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் கொண்டு வாருங்கள். கூட்டம் கூடி அறிக்கை எழுதும் பழக்கத்தை அங்கேயே விட்டு வாருங்கள். கம்பனியில் உங்களுக்குக் கதவு திறந்தது பெரும்பாலும் கம்பனியின் பெயருக்காக. இங்கே நீங்களே போய்த் தட்ட வேண்டும்.

நான்காவது, சிறிதாகச் செய்து பார்த்து, வாங்குபவர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கவனியுங்கள். உங்கள் திட்டத்தை விட அவர் செய்வது சரியாக இருக்கக்கூடும்.

கடை வைத்திருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு சொல். புதிய முயற்சியின் கணக்கைப் பார்க்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. பழைய கடையின் கணக்குப் புத்தகத்தில் வைத்து அதைப் பார்க்காதீர்கள் என்றே கூறுகிறேன். நான் அப்படிப் பார்த்ததால் இழந்தது நான்கு மாத நட்டத்தை அல்ல, மகனோடு கழிந்திருக்க வேண்டிய ஒரு வருடத்தை.