கண்ணாடிக்குள் நெருப்பு – 9: எந்த வால்வு பொருந்தும்?

போன வாரம் கண்டென்சர்களை மாற்றி முடித்தோம். அதற்கு அடுத்த வேலைதான் ரெக்டிஃபயர் வால்வு. வரிசையைக் கவனியுங்கள்: கண்டென்சர் முதலில், வால்வு பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய வால்வை ஒரே மாலையில் இழக்கிறார்கள்.

நம் கையில் இருப்பது ஆர்.சி.ஏ. 630டிஎஸ். போர் முடிந்ததும், 1946-ல், அமெரிக்காவில் பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட டி.வி. பெட்டி. பத்து அங்குலப் படக்குழாயையும் சேர்த்து முப்பது வால்வுகள். டிரான்ஸ்ஃபார்மர் தரும் ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக்கி இத்தனைக்கும் படியளப்பவை இரண்டே இரண்டு 5யூ4ஜி வால்வுகள். ஒவ்வொன்றின் இழைக்கும் 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். அதாவது ஒரு வால்வு சூடாவதற்கு மட்டுமே 15 வாட் போகிறது.

ரெக்டிஃபயர் தளர்ந்ததைப் படமே சொல்லிவிடும். அது தரும் டி.சி. வோல்டேஜ் இறங்குவதால் படம் நாலு பக்கமும் உள்வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு 5யூ4 வைத்து ஓடும் பெட்டிகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. வால்வுக்குள் இரண்டு தகடுகள் மாறி மாறி வேலை செய்கின்றன. அமெரிக்க மின்சாரத்தின் 60 சைக்கிளுக்கு இரைச்சல் 120-ல் இருக்க வேண்டும். ஒரு தகடு செத்தால் அது 60 ஆகிவிடும். திரையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் வர வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று, தடியாக வரும். கண்ணாடியின் உட்புறத்தில் உள்ள வெள்ளிப் பூச்சு பால் நிறத்தில் வெளுத்திருந்தால் எதையும் சோதிக்கவே வேண்டாம். காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போடலாம்.

சரி, மாற்று என்ன? நேரான பதில் 5யூ4ஜிபி. அதே கால் அமைப்பு, அதே இழை, உருவத்தில் சிறியது. பழைய 5யூ4ஜி 225 மில்லி ஆம்பியர் தாங்கும், இது 275 தாங்கும். அமெரிக்காவில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டி.வி. பெட்டிகளுக்கென்றே கணக்கில்லாமல் செய்து குவித்தார்கள்; அதனால் இன்றும் கிடைக்கிறது. சோவியத் நாட்டு 5சி3எஸ் கிடைத்தாலும் தாராளமாகப் போடலாம்.

ஆனால் ஆடியோ பிரியர்கள் கொண்டாடும் வால்வு வேறு: 5ஏஆர்4. ஐரோப்பியப் பெயர் ஜிஇசட்34. பிரிட்டனின் பிளாக்பர்ன் ஊரில் முல்லார்டு செய்தது என்றால் விலை கேட்கவே பயமாக இருக்கும். நல்ல வால்வுதான், மறுக்கவில்லை. மெதுவாகச் சூடாகும் என்பது பெரிய சௌகரியம். 5யூ4 சில நொடிகளில் தயாராகிவிடும், மற்ற வால்வுகள் அப்போதுதான் கண் விழிக்கும், அதுவரை கண்டென்சர்கள் முழு வோல்டேஜையும் தனியாகத் தாங்க வேண்டும். ஆனால் 225 மில்லி ஆம்பியர் ஓடும்போது 5ஏஆர்4 தனக்குள் விழுங்குவது 17 வோல்ட்தான். 5யூ4 வகை விழுங்குவது நாற்பது, ஐம்பது. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் பெட்டியை வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதை மிச்சப்படுத்தினால் மிச்சமாகும் வோல்டேஜ் கண்டென்சர் மீதும் அவுட்புட் வால்வுகள் மீதும் போய் உட்காரும். போதாக்குறைக்கு, அன்று 117 வோல்ட் என்று எழுதப்பட்ட பெட்டி இன்று 120-க்கும் மேலே உள்ள லைனில் ஓடுகிறது. டி.வி.க்கு 5ஏஆர்4 வாங்குவது என் கணக்கில் வீண் செலவு.

பழைய வால்வின் அடிப்பாகத்தில் சிலிக்கான் டயோடுகளைப் பொருத்தி வால்வுக்குப் பதில் செருகலாமே என்பார்கள். இழைக்கான அந்த 15 வாட் மிச்சமாகி டிரான்ஸ்ஃபார்மர் குளிர்ந்திருக்கும், உண்மை. ஆனால் வோல்டேஜ் 5ஏஆர்4-ஐ விடவும் ஏறும், அதுவும் சுவிட்சைப் போட்ட கணமே. தொடரில் ஒரு ரெசிஸ்டர் போடாமல் இதைச் செய்யாதீர்கள்.

எதிர்ப்பக்கத் தவறு 5ஒய்3ஜிடி. சாக்கெட்டில் அழகாக உட்காரும், படமும் வரும். ஆனால் அது தாங்குவது 125 மில்லி ஆம்பியர்தான். ரேடியோவுக்குச் செய்த வால்வு அது, டி.வி.யில் நெடுநாள் நிற்காது. 5எக்ஸ்4ஜி என்ற பெயரும் ஆளை ஏமாற்றும். குணத்தில் 5யூ4ஜி-யேதான், கால்கள் மட்டும் இடம் மாறியவை. 5யூ4-க்கு இழை 2, 8-லும் தகடுகள் 4, 6-லும் வரும். 5எக்ஸ்4-க்கு இழை 7, 8-லும் தகடுகள் 3, 5-லும் வரும். சாக்கெட் வயர்களை மாற்றிப் பற்றவைக்காமல் அதைச் செருகுவதில் அர்த்தமில்லை.

கண்டென்சருக்கே திரும்புவோம். ரெக்டிஃபயரை ஒட்டி வரும் முதல் ஃபில்டர் கண்டென்சருக்கு 5யூ4ஜிபி அனுமதிப்பது 40 மைக்ரோஃபாரட். ‘இரைச்சல் குறையட்டும்’ என்று 100 போட்டவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் அதை நிரப்ப வால்வு மூச்சுத் திணறி, கடைசியில் உள்ளுக்குள் பொறி பறக்கும். கசியும் கண்டென்சர் இதைவிட மோசம். தகடு செக்கச் சிவக்கும்.

இன்னொன்று. பழைய பெட்டியை வேரியாக் (லைன் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து 20 வோல்ட், 30 வோல்ட் என்று மெல்ல மெல்ல எழுப்புவது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். ரெக்டிஃபயர் வால்வு உள்ள பெட்டியில் அந்தப் பொறுமையால் பெரிய பலன் இல்லை. லைன் 20 வோல்ட் என்றால் இழைக்கு ஒரு வோல்ட்கூடக் கிடைக்காது, எதுவும் ஓடாது. பாதி வோல்டேஜைத் தாண்டிய பிறகு திடீரென்று விழித்துக்கொள்ளும். மெல்ல எழுப்பத்தான் வேண்டுமென்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தற்காலிகமாக டயோடுகளைப் போட்டுவிட்டு, பிறகு கழற்றிவிடுங்கள்.

630டிஎஸ்-க்கு என் சிபாரிசு: பரிசோதித்த இரண்டு 5யூ4ஜிபி, ஸ்பேராக மூன்றாவது ஒன்று. வால்வை மாற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சர்களில் தங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியாக இறக்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.